வெலிக்கா எழுதிய பெயர்

பூர்சாவிலிருந்து பதினான்கு பெண்கள் பாட வருகிறார்கள் என்று கடிதம் வந்தபோது பல்கேரியாவில் இருக்கிற எங்கள் தூபவ்தோல் ஊரில் முதலில் எழுந்த பிரச்சினை பன்றி இறைச்சிதான். ஊர்த்தலைவர் பென்ச்சோவுக்கு விருந்து என்றால் பன்றித் தொடையைத் தணலில் வாட்டுவதுதான். வேறு விதமாக யோசிக்க அவருக்கு வராது.

"அவங்க துருக்கிக்காரங்க, பென்ச்சோ. தொட மாட்டாங்க," என்றேன்.

"என்ன துருக்கிக்காரங்க? பாதிப் பேர் இங்க பொறந்தவங்க. என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க."

"படிச்சாங்க. அப்பவும் தொடல."

கடைசியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் என்று முடிவாயிற்று. ஆனால் ராக்கியாச் சாராயம் மட்டும் மேசைக்கு வந்தே தீரும், குடிப்பதும் குடிக்காததும் அவர்கள் பாடு என்று சொல்லிவிட்டார்.

என் பெயர் டோன்கா. ஊர் வாசகசாலை என் பொறுப்பில் இருக்கிறது. புத்தகங்கள், மேடை, திருவிழா, வருகிற விருந்தாளிகளுக்கு வீடு பிரித்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். 2011 ஏப்ரலில் வந்த அந்தக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. எண்பத்தொன்பதில் எங்கள் பக்கத்திலிருந்து துருக்கிக்குப் போனவர்கள் பூர்சாவில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் பெண்கள் பாட்டுக்குழு ராஸ்கிராட் பட்டணத்து விழாவில் பாடிவிட்டு, போகிற வழியில் எங்கள் ஊரில் இரண்டு நாள் தங்கும் என்று எழுதியிருந்தார்கள்.

பட்டியலை வெலிக்கா அக்காவிடம் காட்டினேன். அவள் ஊராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவள். பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் ஆனவர் எல்லோரும் அவள் பேனா வழியாகத்தான் போனார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பட்டியலை எழுத்தர் மாதிரிதான் படிப்பாள். பெயரைப் பார்க்க மாட்டாள், பிறந்த வருஷத்தையும் ஊரையும்தான் பார்ப்பாள். அவள் விரல் ஒன்பதாவது வரியில் நின்றது. நஸ்மியே செசர், 1950, தூபவ்தோல்.

"குடும்பப் பேரு மாறியிருக்கு. ஆனா இது அவதான்," என்றாள்.

"உன் வீட்டுல ரெண்டு பேரைப் போடட்டுமா அக்கா?"

"போடு. அவளை மட்டும் போடாதே."

மறுநாள் காலையில் வாசகசாலைப் படிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெலிக்கா வந்தாள். கோழிக்கூண்டிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, காலணியில் எச்சம் ஒட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "அவளையே போடு. வேற யாரும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வெலிக்கா, நஸ்மியே இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான் அப்போதெல்லாம். எங்கள் பக்கத்து அறுவடைப் பாட்டை இரண்டு அணியாக நின்று பாட வேண்டும். ஒரு ஜோடி ஒரு வரியைத் தொடங்கும், எதிரே நிற்பவர்கள் அதை வாங்கிப் பதில் பாடுவார்கள். எங்கள் ஊர்க் குழுவில் இருபது வருஷம் முதல் ஜோடி வெலிக்காவும் நஸ்மியேவும்தான். வெலிக்காவின் குரல் மேலே கூர்மையாகப் போகும். நஸ்மியே அடியில் நின்று அதைத் தாங்குவாள், எப்போது மூச்சு வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. ரூசே, வார்னா, ஒரு தடவை சோஃபியா வரைகூடப் போய்ப் பாடியிருக்கிறார்கள். வெலிக்காவின் புருஷன் கான்ச்சோ டிராக்டர் ஓட்டியவன், கேலிக்காரன். "என் பொண்டாட்டி என்கூடப் பேசுற பேச்சைவிட அவகூடப் பாடுற பாட்டுதான் ஜாஸ்தி," என்பான்.

எண்பத்தைந்து குளிர்காலத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. துருக்கிக்காரர் என்று நாட்டில் யாரும் கிடையாது, எல்லோரும் பல்கேரியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பனி முழங்கால் அளவு கிடந்தது. ஊரின் இரண்டு முனையிலும் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். அலுவலகத்தில் பட்டணத்திலிருந்து வந்த ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான், பக்கத்து மேசையில் பேனாவோடு வெலிக்கா. பெயர்ப் பட்டியல் ஒன்று மேசையில் கிடந்தது. வருகிறவர்கள் அதில் ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு எழுத்தரே ஒன்றை எழுதிவிடுவாள்.

அந்த அறையில் நான் இல்லை. வெலிக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். நஸ்மியே புருஷனோடும் ஆறு வயதுப் பெண்ணோடும் வந்து நின்றாள். பட்டியலை அவள் பார்க்கவே இல்லை. பட்டணத்து ஆள், "ஏதாவது ஒண்ணை எழுதும்மா, வரிசை நிக்குது," என்றான். வெலிக்கா ரோசித்சா என்று எழுதினாள்.

ரோசித்சா வெலிக்காவின் கூடப் பிறந்த தங்கை. பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள்.

நஸ்மியே அந்தத் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். அது யார் பெயர் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. வெலிக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெண் ஷென்னூர் அன்றைக்கு ஸ்னெஜானா ஆனாள்.

நானும் யோக்கியம் இல்லை. வாசகசாலையிலிருந்த துருக்கி மொழிப் புத்தகங்களை அந்த வாரமே எடுத்துச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றியது நான்தான். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் நான்கு வருஷம் குழு பாடியது. பாட்டு சொல்லிக்கொடுத்தவர், "ரோசித்சா, இன்னும் கொஞ்சம் சத்தமா," என்பார். நஸ்மியே சத்தமாகப் பாடுவாள். வெலிக்கா அவளைப் புதுப் பெயரிலும் கூப்பிடவில்லை, பழைய பெயரிலும் கூப்பிடவில்லை. பழைய பெயரைச் சொன்னால் அபராதம். வெறுமனே "இந்தா", "இங்க பாரு" என்று ஓட்டினாள்.

எண்பத்தொன்பது கோடையில் எல்லையைத் திறந்து, போகிறவர்கள் போகலாம் என்றார்கள். கார் கூரைமேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் வரிசையாகப் போனார்கள். பறிக்க ஆள் இல்லாமல் தக்காளி செடியிலேயே அழுகியது. நஸ்மியே வீட்டார் ஜூலை மாதம் ஒரு நண்பகலில் கிளம்பினார்கள். வெலிக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வெளியே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நஸ்மியே கொஞ்ச நேரம் நின்றிருந்தாளாம். பிறகு கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதாம்.

குழுவில் ஐந்து பேர் மிஞ்சினார்கள், அடுத்த வருஷம் அதுவும் இல்லை. வெலிக்கா அதோடு பாட்டை நிறுத்திவிட்டாள். சொந்த மகன் கல்யாணத்தில்கூட எல்லோரும் பாடும்போது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மகன் மிலென் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். கான்ச்சோ தொண்ணூற்றெட்டில் இறந்தான். அதிலிருந்து அவளும் கோழிகளும்தான்.

ஜூன் பத்தாம் தேதி பூர்சா பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. முதலில் இறங்கியவள் குழுத்தலைவி செவிம். பள்ளி ஆசிரியை, குட்டையான, வாய் ஓயாத பெண்.

"மன்னிச்சிக்குங்க. வழியில மூணு ஊர்ல நிறுத்தி நிறுத்திச் சோறு போட்டுட்டாங்க. இனி ஒரு வாய்கூட இறங்காது," என்றாள்.

"இறங்கும்," என்றார் பென்ச்சோ. "நின்னுக்கிட்டே சாப்பிடுங்க, வயித்துல எடம் கெடைக்கும்."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் இறங்கியதுமே அழ ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு குண்டாயிட்ட," என்று சொல்லி அவர்களும் அழுதார்கள். வரவேற்கிற வழக்கப்படி ரொட்டியும் உப்பும் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வெலிக்கா வாசகசாலை வாசலில் நின்றாள். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தது நான்தான். கொடுத்திருக்க வேண்டாமோ என்று பிறகுதான் தோன்றியது.

நஸ்மியே கடைசியாக இறங்கினாள். உடம்பு கனத்திருந்தது, முக்காடு பின்கழுத்தில் முடிந்திருந்தது. நேரே வந்து ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு, மென்று விழுங்கினாள்.

"கைக்குச் சுகம் உண்டாகட்டும்," என்றாள் பல்கேரிய மொழியில். பிறகு, "எப்படி இருக்க வெலிக்கா? முட்டி வலியா? ஒரு பக்கமா நிக்கிற," என்று கேட்டாள். போன வாரம் பார்த்துவிட்டுப் போனவள் கேட்கிற மாதிரி இருந்தது.

வெலிக்கா தட்டை என்னிடம் கொடுத்தாள். "உள்ள வா," என்று மட்டும் சொன்னாள்.

மேசையில் பென்ச்சோ ராக்கியாவை ஊற்றிக்கொண்டே போனார். பாதிப் பேர் கையால் கோப்பையை மூடினார்கள். செவிம் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்றுக்கு நீட்டினாள்.

"டீச்சரம்மா, பாவம் இல்லையா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"இருபத்திரண்டு வருஷமா எங்களை அங்க பல்கேரியாக்காரிங்கன்னுதான் சொல்றாங்க. இங்க வந்து இறங்கினா துருக்கிக்காரிங்க. நாங்க யாருன்னு யாராவது முடிவு பண்ணுங்க, அப்புறமா எனக்குப் பாவம் எதுன்னு பார்க்கலாம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. பென்ச்சோ ஆட்டிறைச்சியை அவள் தட்டில் குவித்தார்.

வெலிக்கா மூன்று நாளாகச் சமைத்திருந்தாள். மண்சட்டியில் பீன்ஸ், அரிசி அடைத்த மிளகாய், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுட்ட பனித்சா, வெள்ளரிக்காய் போட்ட தயிர்ச் சாறு. அன்று சாயங்காலம் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். இருவரையும் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. நஸ்மியே எல்லாவற்றையும் சாப்பிட்டாள், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தாள். பனித்சாவுக்கு எத்தனை முட்டை என்று கேட்டாள். பூர்சாவிலிருந்து சர்க்கரைப் பாகில் ஊறிய செஸ்ட்நட் கொட்டை ஒரு பெட்டியும் பட்டுத் துணி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விருந்தாளி எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தாள். எழுந்து போய்த் தானாகத் தண்ணீர் எடுத்துக் குடிக்கவில்லை. அந்த அடுக்களையில் எந்த அலமாரியில் தம்ளர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"உன் வீட்டைப் பாக்கணுமா?" என்று வெலிக்கா கேட்டாள்.

"ஜன்னல்ல இருந்து பாத்தேன். கூரை விழுந்துபோச்சு."

"ரூசேக்காரன் ஒருத்தன் வாங்கினான். வரவே இல்ல."

"அவன் என்ன பண்ணுவான் பாவம். இங்க வந்து யாரோட பேசுவான்."

சனிக்கிழமை வாசகசாலைக்கு முன்னால் மேடை போட்டோம். சுற்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பூர்சாப் பெண்கள் துருக்கிப் பாட்டுகளைப் பாடினார்கள். இந்த ஊரில் அந்தப் பாட்டுகளைப் பாடினால் ஒரு காலத்தில் பிடித்துப்போக ஆள் வந்துவிடும், அன்று முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் கை தட்டினோம். கடைசியில் செவிம் மைக்கைப் பிடித்து, அறுவடைப் பாட்டு ஒன்று பாடப்போகிறோம், பழைய குழுவில் இருந்தவர்கள் மேலே வந்து எதிர் அணியில் நிற்க வேண்டும் என்றாள். பழைய குழுவில் உயிரோடு ஊரில் இருந்தவள் வெலிக்கா ஒருத்திதான். அவள் வரமாட்டேன் என்றாள். பென்ச்சோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

நஸ்மியே முதல் வரியைப் பாடினாள். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆனாலும் அதே அடித்தளம். வெலிக்காவின் முறை வந்தது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கூட்டம் காத்திருந்தது. நஸ்மியே இரண்டு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, வெலிக்கா பாட வேண்டிய பதிலையும் தானே பாடினாள். அடுத்த வரி, அதற்குப் பதில், மறுபடி வரி. பாட்டு முழுவதையும் இருவருக்காகவும் பாடி முடித்தாள். வெலிக்கா எதிரே கைகளைப் பாவாடையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே இருந்தவர்கள் இதுதான் ஏற்பாடு என்று நினைத்துப் பலமாகத் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் கிளம்புவதற்குமுன், ரோஜா ஜாம், மிளகாய் விழுது, டீ போட லிண்டன் பூ என்று ஒவ்வொரு வீட்டிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெலிக்கா வீட்டில் நான் ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன், அவள் பெட்டியில் அடுக்கினாள். நஸ்மியே பக்கத்தில் நின்றிருந்தாள்.

வெலிக்கா குனிந்தபடியே, "அன்னைக்கு ஆபீஸ்ல நான் எழுதின பேரு," என்று தொடங்கினாள்.

"மூடியை இறுக்கு. பஸ்ல கொட்டிடும்."

"நஸ்மியே, நான் ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன். நஸ்மியேவும் அதைக் கவனித்தாள். ஜாடியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே மூடியைத் திருகினாள்.

"நீ கொடுத்த பேரை நாலு வருஷம் போட்டுக்கிட்டிருந்தேன். உன் தங்கச்சிக்கு அது பொருந்தியிருந்துச்சு. எனக்குப் பொருந்தல. அவ்வளவுதான் வெலிக்கா. இதுக்கு மேல என்னைப் பேச வைக்காதே, நான் நல்லபடியா ஊருக்குப் போகணும்."

வெலிக்கா தலையை ஆட்டினாள். பஸ் ஏறும்போது நஸ்மியே அவளை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "இலையுதிர்காலத்துல வா. செஸ்ட்நட் வர்ற நேரம். என் பேரன்களைப் பாக்கலாம்," என்றாள். மரியாதைக்குச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று வெலிக்கா என்னிடம் பல தடவை கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நஸ்மியே தொலைபேசியில் கூப்பிட்டாள். தக்காளி, மழை, இரத்த அழுத்த மாத்திரை, யார் செத்தார்கள் என்று பேசுவார்கள். வெலிக்கா பாஸ்போர்ட் எடுத்தாள். ஆனால் செப்டம்பரில் போகவில்லை, கோழிக்கு யார் தீனி வைப்பார்கள் என்றாள். அக்டோபரில் முட்டி வலி என்றாள். நவம்பரில் பனி விழும் என்றாள்.

"பயப்படுறியா அக்கா?" என்று கேட்டேன்.

"அவ வீட்டுல போய் உக்காந்து அவ போடுற சோத்தைத் திங்கணுமே, டோன்கா," என்றாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நஸ்மியேவின் மகள் ஷென்னூர் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா மாடிப்படி ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது, அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொன்னாள். வெலிக்கா மறுநாள் விடிந்ததும் கோழிகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"கூட வருவியா? எனக்கு எல்லை தாண்டத் தெரியாது."

எல்லைச் சாவடியில் பஸ் நான்கு மணி நேரம் நின்றது. அங்கேதான் அந்த அலுவலக அறையைப் பற்றி எனக்குச் சொன்னாள். "என்கிட்ட இருந்ததுலயே நல்ல பேரு அது ஒண்ணுதான். அந்தாளோட பட்டியல்ல இருந்த பேரை அவளுக்கு வெக்க மனசு வரல. கூடப் பொறந்தவளா நெனச்சுத்தான் எழுதினேன். அவ பேரை நான் பறிக்கிறேன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல. அந்தாள் பறிக்கிறான், நான் ஏதோ கொடுக்கிறேன்னு நெனச்சேன்." பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து மூடினாள். "ஜன்னலுக்குப் பின்னால நின்னேன் பாரு, அதுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்ல."

பூர்சாவில் அது நான்காவது மாடி வீடு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே துக்கத்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அடுப்பில் ரவை அல்வா கிளறுகிற வாசனை. ஷென்னூருக்கு முப்பத்து மூன்று வயது, துணி ஆலையில் வேலை. அவள் பேசிய பல்கேரிய மொழி பதினொரு வயதுப் பிள்ளை பேசுவது போலவே இருந்தது. அந்த வயதில்தான் ஊரைவிட்டுப் போனாள்.

"வெலிக்கா அத்தை," என்று கட்டிக்கொண்டாள். "எனக்கு நீங்க வால்நட் கொடுப்பீங்க. அம்மா எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவா." அங்கே இருந்தவர்களிடம் துருக்கி மொழியில், அம்மாவோடு பாடியவர், அம்மாவின் உயிர்த்தோழி என்று சொன்னாள். பெண்கள் எழுந்து நல்ல நாற்காலியைக் கொடுத்தார்கள். ஒரு கிழவி வெலிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெலிக்கா அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் குறைந்த பிறகு ஷென்னூர் ஓர் உறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, நீங்க ஊர் ஆபீஸ்ல வேலை பாத்தீங்கன்னு அம்மா சொல்வா. எனக்கு ஒரு உதவி வேணும். அம்மாவோட பழைய காகிதத்துல பேரு ரோசித்சான்னு இருக்கு. இங்க நஸ்மியே. வாரிசுக் காகிதத்துக்கு, ரெண்டும் ஒரே ஆளுதான்னு சான்றிதழ் கேக்குறாங்க. ஊர்ல பதிவேடு இருக்குமா?"

"இருக்கும்," என்றாள் வெலிக்கா. காகிதத்தைக் கையில் வாங்கினாள்.

"இதை யாரு எழுதினாங்கன்னுகூட அம்மாவுக்குத் தெரியல. பட்டணத்துல இருந்து வந்த ஒரு ஆளு வாய்க்கு வந்த பேரை எழுதினான்னு சொல்வா. நானும் அன்னைக்கு அங்க நின்னேனாம், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. சின்னப் பொண்ணா இருந்தப்ப எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், யாரும்மா அதுன்னு. அவன் மூஞ்சியே ஞாபகம் இல்லம்மான்னுடுவா."

நான் வெலிக்காவைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடு என்று கண்ணால் சொன்னேன். நஸ்மியே இருபத்தேழு வருஷமாக மூடி வைத்ததை இவள் ஏன் திறக்க வேண்டும்?

வெலிக்கா காகிதத்தை மேசைமேல் வைத்து நீவினாள்.

"இது என் கையெழுத்து, பொண்ணே."

"நீங்க பதிவு பண்ணினீங்களா?"

"பேரை வெச்சதும் நான்தான். என் தங்கச்சி பேரு அது. செத்துப்போனவ. உன் பேரையும் நான்தான் எழுதினேன்."

ஷென்னூர் புரியாதவள் போல என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா ஏன் பொய் சொன்னா?"

"தெரியலம்மா. அவகிட்ட கேக்க நான் சீக்கிரமா வந்திருக்கணும்."

"பள்ளிக்கூடத்துல ஸ்னெஜானான்னு கூப்பிடுவாங்க," என்றாள் ஷென்னூர் மெதுவாக. "யாரையோ கூப்பிடுறாங்கன்னு நான் திரும்பியே பாக்க மாட்டேன். செவிடான்னு டீச்சர் காதைத் திருகுவாங்க. அம்மாகிட்ட வந்து அழுவேன். அம்மா வேலி பக்கமா உங்க வீட்டைப் பாத்துக்கிட்டு நிப்பா. நீங்க வந்து ஏதாவது செய்வீங்கன்னுதான் பாக்குறான்னு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, உறையில் போட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.  எழுந்து போய்விடலாமா என்று கேட்டேன். வெலிக்கா, "அவ போகச் சொன்னா போவோம்," என்றாள்.

ஷென்னூர் வந்தாள். கண் சிவந்திருந்தது. பருப்புச் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வெலிக்காவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஆறிப்போகும்."

எங்களோடு அவள் உட்காரவில்லை. வெலிக்கா கடைசிக் கரண்டி வரை சாப்பிட்டாள். பாதி சூப்புக்குப் பிறகு கொஞ்சம் மடியில் சிந்தியது, ஷென்னூர் ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி போய்விட்டாள். எங்களுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்தாள். மறுநாள் கல்லறைக்கும் அவள் புருஷன்தான் கூட்டிக்கொண்டு போனான். பஸ் நிலையத்தில் அவன் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான், வழிக்குச் சாப்பாடு என்றான். அத்தை என்று ஷென்னூர் மறுபடி கூப்பிடவில்லை.

ஊருக்கு வந்ததும் வெலிக்கா மூன்று தடவை ராஸ்கிராட்டுக்கு அலைந்து, ரோசித்சாவும் நஸ்மியேவும் ஒரே ஆள் என்கிற சான்றிதழை வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை. அவள் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி இருக்கிற அறையில் உட்கார்ந்து மிளகாய் கோப்பாள், பீன்ஸ் உரிப்பாள்.

2013 கோடையில் பூர்சாக் குழு மறுபடி வந்தது. வெலிக்கா தன் வீட்டில் இரண்டு பெண்களைத் தங்கவைத்தாள். மூன்று நாள் சமைத்தாள். அவர்களிடம் நஸ்மியேவைப் பற்றி நிறையக் கேட்டாள். அங்கே குழுவில் எந்த இடத்தில் நிற்பாள், எதற்குச் சிரிப்பாள், குளிர்காலத்தில் என்ன போட்டுக்கொள்வாள் என்றெல்லாம். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். மேடைக்கு வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வெலிக்கா 2017 ஜனவரியில் இறந்தாள். நுரையீரலில் சளி கட்டி ஒரு வாரம் கிடந்தாள். மகன் மிலென் ஸ்பெயினிலிருந்து வந்து மூன்று நாள் இருந்தான், வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டபோது நான் பூர்சா எண்ணையும் சேர்த்தேன். அதற்கு நானே பேசினேன்.

ஷென்னூர் எடுத்தாள், விஷயத்தைச் சொன்னேன். பின்னணியில் பிள்ளைகள் சத்தம், ஏதோ தொலைக்காட்சி.

"கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கடைசி நாள் மட்டும்."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"நல்லது," என்றாள். "என்னால வர முடியாது. ஆலையில விடுப்பு இல்ல."  வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் துருக்கி மொழியில், செத்தவர்களுக்குச் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள், மண் அவளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று. நான் நன்றி சொன்னேன். அவளும் சொன்னாள்.

அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். அன்றைக்கும் பனி கொட்டியது. குழி வெட்டியவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.